பதினான்கு வயதுப் பையனுக்கு என்ன புத்தகம் கொடுப்பது?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு நல்ல புத்தகங்களாகப் பத்து சொல்லுங்கள் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு 14 வயது, ஆங்கில வழிப் பள்ளி. ஆறாம் வகுப்பு வரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன், இப்போது போனும் கிரிக்கெட்டுமாக இருக்கிறான். போன பிறந்தநாளுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தாராம். முதல் பாகத்தில் 20ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் ஆறு மாதமாக அங்கேயே இருக்கிறதாம்.

நான் ஒரு சிறிய ஊரின் கிளை நூலகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன். எதிரே மேல்நிலைப் பள்ளி, பக்கத்துத் தெருவில் இரண்டு டியூஷன் சென்டர். பள்ளி விட்டு டியூஷன் தொடங்கும் வரை உள்ள முக்கால் மணி நேரத்தை, மின்விசிறிக் காற்றுக்காகவே எங்களிடம் வந்து கழித்த பையன்கள் ஏராளம். அவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்து, அதில் பாதி மறுநாளே திரும்பி வந்து, வேறு எடுத்துக் கொடுத்து, அப்படித்தான் எனக்கு இது கொஞ்சம் பிடிபட்டது.

பத்துப் பெயர் சொல்வதற்கு முன்னால், உங்கள் மகன் படிப்பதை ஏன் விட்டான் என்று பார்க்க வேண்டும். போன்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். போனும் ஒரு காரணம்தான். ஆனால் போன் வராத காலத்திலும் பையன்கள் சரியாக இந்த வயதில்தான் நூலகத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். எங்கள் நூலகத்தில் சிறுவர் பகுதி வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது. பாய் விரித்து, சுவரில் யானையும் மயிலும் வரைந்திருக்கும். நாவல், சிறுகதை அலமாரிகள் கடைசியில், பெரியவர்கள் பேப்பர் படிக்கும் மேஜையைத் தாண்டி. மீசை அரும்பத் தொடங்கிய பையன் அந்தப் பாயில் உட்கார வெட்கப்படுவான். சரி என்று நாவல் பக்கம் போனால், பேப்பர் படிக்கிற யாராவது ஒருவர், “உனக்கு என்னடா இங்க வேலை?” என்பார். இரண்டுக்கும் நடுவில் டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகள் அடுக்கிய அலமாரி. நாலு நாள் அங்கே நின்று பார்ப்பான். ஐந்தாம் நாள் வரமாட்டான்.

வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. பேசும் முயல், நீதி சொல்லும் தாத்தா கதைகளையெல்லாம் அவன் தாண்டிவிட்டான். அடுத்த படிக்கு யாரும் கை கொடுப்பதில்லை. கொடுப்பதெல்லாம் நேர மேலாண்மை, நினைவாற்றல், வெற்றிக்கான வழிகள் என்று அவனைச் சரி செய்வதற்கான புத்தகங்கள். இந்த வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் உலகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. பசி, கடன், சண்டை, சாவு, காதல், அவமானம், இதையெல்லாம் வீட்டில் அவன் வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறோம். இவற்றை மறைக்காமல், அவனை நம்பிச் சொல்கிற புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் அவன் விடமாட்டான். தன்னைத் திருத்த வந்த புத்தகத்தை அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். புத்தகம் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். ‘அசுரன்’ படம் இதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. படம் வந்த புதிதில், 2019இல், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து நண்பர்களுக்குப் படத்தின் சண்டைக் காட்சிகளை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு, “அந்தக் கதை இதுதான், இதுல அந்தப் பையனுக்கு உன் வயசு” என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். வாங்கியவன் உட்காரவில்லை. தோளில் பையோடு, இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடியே படித்தான். டியூஷனுக்கு நண்பர்கள் கூப்பிட்டபோது கையை மட்டும் ஆட்டினான். ஆறு மணிக்கு வந்து இரவல் பதிந்துகொண்டு போனான். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, “படத்துல வர்ற சண்டை எதுவும் இதுல இல்லையே சார்” என்றான். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அவங்கப்பா அவனைத் திட்டவே இல்ல சார்” என்றான்.

அந்தப் பையன் கண்டுபிடித்ததுதான் அந்த நாவல். 15 வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிவதும், கிடைத்ததை ஆக்கிச் சாப்பிடுவதும், இருட்டில் படுத்துக்கொண்டு பேசுவதும்தான் பெரும்பகுதி. கொலையில் தொடங்கும் கதையை 14 வயதுப் பையனிடம் கொடுப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவன் போனில் பார்க்கும் கொலைகளுக்குப் பின்னால் யாரும் பசியோடு ஓடுவதில்லை, யாருடைய அம்மாவும் கவலைப்படுவதில்லை. இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் அது இருக்கிறது. நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள், அப்புறம் கொடுங்கள். கரிசல் பேச்சு நடை பழக முதல் பத்துப் பக்கம் ஆகும். அந்தப் பத்துப் பக்கத்தை நீங்களோ அவன் அப்பாவோ சத்தமாகப் படித்துக் காட்டினால் போதும், காதுக்குப் பழகிவிடும்.

இப்போது அந்த பஸ் டிக்கெட் விஷயம். 20ஆம் பக்கத்தில் நின்றதற்கு உங்கள் மகனைக் குறை சொல்ல மாட்டேன். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினார். படித்தவர்களுக்கு அவசரமில்லை. ஆடிப்பெருக்கு, வீராணம் ஏரி, அதன் மதகுகள், கரையில் கூடும் மக்கள் என்று நிதானமாகத்தான் ஆரம்பிக்கும். வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் போய், நடுராத்திரியில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை மறைந்திருந்து பார்க்கும் இடத்தில்தான் கதை பையன்களைப் பிடிக்கும். அது ஆறாவது அத்தியாயம். அதற்கு முன்னால் விட்டவன் திரும்ப வருவதில்லை, அதைத் தாண்டியவன் ஐந்தாம் பாகம் வரை நிற்பதில்லை. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் புத்தகத்தை மறுபடி எடுத்து, ஆறாவது அத்தியாயத்தை மட்டும் அவனைப் படிக்கச் சொல்லுங்கள். படம் பார்த்திருந்தால் ஆள்கள் யார் யார் என்று அவனுக்கே தெரியும். அதுவும் முடியாது, ஐந்து பாகம் என்றாலே மலைப்பாக இருக்கிறது என்றால், ஒரே புத்தகமாக முடியும் ‘பார்த்திபன் கனவு’ இருக்கிறது. ஐந்து பாகத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கலாம். முதல் பாகம் முடிந்ததும் அடுத்தது எங்கே என்று அவன் தேடுவதற்கு வழி வைக்க வேண்டும்.

அடுத்து அவனைக் கவனிப்பது. ஒரு வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். எதைப் பற்றி அவனால் அரை மணி நேரம் விடாமல் பேச முடிகிறது? அங்கிருந்துதான் புத்தகம் தொடங்க வேண்டும்.

கிரிக்கெட் என்று சொன்னீர்கள். கிரிக்கெட் பையனுக்குக் கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை வரலாறு என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். அதைவிட, கிரிக்கெட் ஆடும் பையன்களைப் பற்றிய கதை நன்றாகப் போகும். சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் ஒரு தெருவின் பையன்கள், அவர்கள் ஆட்டம், அசட்டுக் காதல், ஏமாற்றம் எல்லாம் வரும். ஒரு கதை பத்துப் பதினைந்து நிமிடம். ஆங்கிலத்தில் படிப்பான் என்றால் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ மூலத்தையே கொடுங்கள். 1935இல் வந்தது. பள்ளிக்கூடத்தை வெறுத்து, நண்பர்களோடு கிரிக்கெட் குழு அமைத்து, முக்கியமான மேட்சுக்குப் போக முடியாமல் போகும் ஒரு பையனின் கதை. ஆங்கிலம் அவ்வளவு எளிது. இரண்டு வருடம் கழித்து, அவனுக்கு 16 ஆனதும், அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ கொடுங்கள். அதிலும் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையன்தான். ஆனால் 1948இல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடப்பதெல்லாம் மெல்ல மெல்ல அவன் மைதானத்துக்குள் வந்துவிடும். கடைசிப் பக்கங்கள் உலுக்கிவிடும். அதனால்தான் 16 என்கிறேன்.

காடு, விலங்கு என்றால் கண் விரியும் பையன்கள் உண்டு. அவர்களுக்கு ஜிம் கார்பெட்டைப் போல வேறொருவர் இல்லை. தமிழில் ‘குமாயுன் புலிகள்’ என்று கிடைக்கிறது. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போகும் முதல் கதையைப் படித்துவிட்டு ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகாத பையனை எனக்குத் தெரியும். அந்தப் புலி ஏன் மனிதர்களைத் தின்னத் தொடங்கியது என்று கார்பெட் காரணத்தோடு சொல்வார்: துப்பாக்கிக் குண்டு பட்டு அதன் பற்கள் உடைந்திருந்தன, அதனால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியவில்லை. பையன்கள் அந்த இடத்தில் புலி பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆங்கிலம் படிப்பவனுக்குக் கென்னத் ஆண்டர்சனும் உண்டு. அவர் எழுதிய ஜவளகிரியும் அஞ்செட்டியும் நம் ஓசூர்ப் பக்கத்துக் காடுகள்தான். இதையெல்லாம் முடித்த பையன் வேட்டையிலேயே நின்றுவிடக் கூடாது. உல்லாஸ் கரந்த் எழுதி தியடோர் பாஸ்கரன் தமிழாக்கிய ‘கானுறை வேங்கை’யில் புலியை எப்படி எண்ணுகிறார்கள், என்ன தின்கிறது, எவ்வளவு காடு வேண்டும் என்று இருக்கும்.

கூடவே ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. ‘அறம்’ தொகுப்பில் ஒரு கதை, தனிப் புத்தகமாகவும் கிடைக்கிறது. டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்ற நிஜ மனிதரைப் பற்றியது. சுற்றுலா வருகிறவர்கள் காட்டில் உடைத்துப் போடும் பீர் பாட்டில், அவ்வளவு பெரிய யானையின் காலில் ஏறி, அது நடக்க முடியாமல் நடந்து, புண் அழுகிச் சாவதைப் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேஜைக்கு வந்து கேட்டது: “இது நிஜமா சார்?” நிஜம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வருடம் பள்ளிச் சுற்றுலா போய் வந்தவன், பஸ் நின்ற இடத்தில் கிடந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கிக் கவரில் போட்டதாகச் சொன்னான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தத் தொகுப்பிலேயே ‘சோற்றுக்கணக்கு’ என்று இன்னொரு கதை. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்பவரின் சாப்பாட்டுக் கடை. பில் கிடையாது, சாப்பிட்டவர்கள் உண்டியலில் முடிந்ததைப் போட வேண்டியதுதான். காசில்லாமல் படிக்க வந்த ஒரு மாணவன் அங்கே சாப்பிடுகிறான். வளரும் பையன்களின் பசி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பசியை இவ்வளவு உண்மையாக எழுதிப் படித்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாவலுக்கு உட்கார மாட்டேன் என்கிற பையனுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கதையைத்தான்.

கம்ப்யூட்டர், ரோபோ என்று இருக்கும் பையனுக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் எழுதப்பட்டு, நாம் இப்போது இருக்கிற இந்த 2020களில் நடக்கும் கதை. பெயருக்கு இரண்டு எழுத்துக்கு மேல் அனுமதியில்லை, குழந்தை பெற அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஜீனோ என்று ஒரு ரோபோ நாய் பேசும், புத்தகம் படிக்கும். அவர் சொன்னதில் எது நடந்துவிட்டது, எது நடக்கவில்லை என்று பையன்கள் சரிபார்த்துக்கொண்டே படிப்பார்கள். அடுத்தது ‘மீண்டும் ஜீனோ’. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுக’ளைப் பரிசளிப்பு விழாக்களில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ராக்கெட்டில் உண்மையாகவே ஆர்வமுள்ளவனுக்கு அது பொக்கிஷம். மற்றவர்கள் ராமேசுவரத்துச் சிறுவயதுப் பகுதியைப் படித்துவிட்டு, தொழில்நுட்பப் பகுதி வந்ததும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பரவாயில்லை, படித்த வரை லாபம்தான்.

ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசைப்படுகிறேன். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழில் அச்சாகிக் குறைந்த விலைக்கு வந்த புத்தகங்களில் ஒன்று, பரீஸ் பொலெவோய் எழுதிய ‘உண்மை மனிதனின் கதை’. 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு போர் விமானி, பனிக்காட்டில் கால் நசுங்கிய நிலையில் 18 நாள் தவழ்ந்து வருகிறான். தொடக்கத்திலேயே கரடி. அப்புறம் எறும்பு தின்கிறான், முள்ளெலி தின்கிறான். கடைசியில் உயிர் பிழைக்கிறான், இரண்டு காலையும் வெட்டிவிடுகிறார்கள். அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தால், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு மறுபடி விமானம் ஓட்ட வேண்டும் என்கிறான். ஓட்டத் தகுதி உண்டு என்று மருத்துவர்களை நம்ப வைக்க நடனம் கற்றுக்கொள்கிறான். அலெக்சேய் மரேசியேவ் என்ற நிஜ விமானியின் வாழ்க்கை இது, அவர் உண்மையிலேயே திரும்பப் பறந்தார்.

எங்கள் நூலகப் பிரதியில் தேதி முத்திரைச் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பி, மூன்றாவது ஒட்டியிருந்தோம். மற்ற எந்தப் புத்தகத்துக்கும் அப்படி இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்ற ஒரு பையனுக்கு அதைக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, தாமதக் கட்டணத்தோடு கொண்டுவந்தான். “அந்த டான்ஸ் இருக்குல்ல சார்...” என்று ஆரம்பித்து, செயற்கைக் காலோடு அவன் ஆடிவிட்டு மூலையில் போய் வலியோடு உட்காருவதை நின்ற இடத்திலேயே சொல்லிக்கொண்டே போனான். வெற்றி பெறுவது எப்படி என்று எழுதிய எந்தப் புத்தகமும் இந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாத, ஆனால் நான் ஊகிக்கும் ஒன்று: அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிப்பது மெதுவாக இருக்கும். ஆங்கில வழியில் படிக்கும் பெரும்பாலான பையன்களின் நிலை இதுதான். இது புத்திக் குறைவும் இல்லை, ஆர்வக் குறைவும் இல்லை. கண்ணுக்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது கதை நகராது, கதை நகராவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இதற்கு நல்ல மருந்து காமிக்ஸ். முகம் சுளிக்க வேண்டாம். 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்னால் வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து இன்றைக்கும் வருகின்றன. டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லாம் தமிழில் பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் பத்துப் பதினைந்து சொல், பக்கத்தில் படம். கண் தானாகவே வேகமெடுக்கும். எங்கள் ஊரில் தமிழ் சரளமாகப் படித்த ஆங்கில வழிப் பையன்களில் பாதிப் பேர் அப்பாவோ சித்தப்பாவோ சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் மூட்டையைப் பிரித்தவர்கள்.

இன்னொரு வழி காது. முதலில் கேட்கட்டும், அப்புறம் படிக்கட்டும். திருவண்ணாமலையில் பவா செல்லதுரை நல்ல தமிழ்ச் சிறுகதைகளையும் நாவல்களையும் கூட்டத்தில் சொல்வதை யூடியூபில் கேட்கலாம். கதை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தெரிந்த கதையைப் படிப்பது, தெரிந்த தெருவில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. தடுமாற்றம் குறையும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நீங்களே படித்துக் காட்டலாம். 14 வயதில் அவன் கேட்பானா என்றால், வேறு வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்பான்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அவனையே படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு முறைக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றால் பேச்சு வரும் இடத்தைப் பாருங்கள். எந்த மனிதரும் அப்படிப் பேசமாட்டார் என்று தோன்றினால் வைத்துவிடுங்கள், மூலம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் சரி. பெரிய நாவல்களை 80 பக்கத்தில் சுருக்கிப் போட்ட பதிப்புகள் நிறைய விற்கின்றன. அவற்றில் நடந்தது மட்டும் இருக்கும், நடந்ததை நாம் நம்புவதற்கான எதுவும் இருக்காது. அதற்குப் பதில் முழுதாக இருக்கும் ஒரு சிறுகதை மேல். அந்த அளவுக்கு ‘குட்டி இளவரசன்’ தமிழ் மொழிபெயர்ப்பை நம்பி வாங்கலாம். மெல்லிய புத்தகம், 13 வயதிலும் படிக்கலாம், 17இல் படித்தால் வேறாக இருக்கும்.

உள்ளடக்கம் பற்றிய பயம் நியாயமானது. நான் கொடுக்கத் தயங்கும் புத்தகங்களும் உண்டு. பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களைப் பற்றியது, மிக நல்ல நாவல். ஆனால் போதையும் உடல் சார்ந்த விஷயங்களும் ஒளிவுமறைவில்லாமல் வரும், 17க்கு முன்னால் வேண்டாம் என்பேன். அவருடைய ‘கூளமாதாரி’யை 15இலேயே கொடுக்கலாம். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையனும் அவன் கூட்டாளிகளும் அந்த மேட்டுக்காட்டில் நாள் முழுக்க விளையாடுவதும், வசவும் அடியும் வாங்குவதும்தான் கதை. ஒரே வயதுப் பையன்கள், ஒருவன் பண்ணைக்காரர் மகன், இன்னொருவன் அவர்களிடம் ஆடு மேய்ப்பவன். சாதி என்றால் என்ன என்று உங்கள் மகனுக்குப் பாடப்புத்தகம் சொன்னதைவிட இதில் தெரியும். அதேபோல, பையன் என்பதற்காகப் பையன் கதைகளே கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அரை மணி நேரத்தில் முடியும் சிறு புத்தகம், கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பற்றியது. பாமாவின் ‘கருக்கு’ இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

அவன் ஒன்றைப் பாதியில் விட்டால் விடட்டும். ஏன் விட்டாய் என்று மட்டும் கேளுங்கள், அதில் அடுத்த புத்தகத்துக்கான தடயம் இருக்கும். படித்து முடித்ததும், “கதையைச் சொல்லு, என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்வி வந்ததும் புத்தகம் பாடமாகிவிடும். நீங்களும் அதையே படித்துவிட்டு, “அந்த அப்பா ஏன் அப்படிப் பண்ணினார்?” என்று உண்மையாகத் தெரியாமல் கேளுங்கள், பேசுவான். முடிந்தால் அவன் அப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா மட்டும் படித்தால், படிப்பது ஆண்களின் வேலை இல்லை என்று பையன் எப்படியோ முடிவு செய்துவிடுகிறான். என்னிடம் கல்லூரி போன பிறகும் வந்துகொண்டிருந்த பையன்களில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அண்ணனோ மாமாவோ படிக்கிறவராக இருந்தார்.

புத்தகக் கண்காட்சி வரும்போது, சென்னையில் ஜனவரியில் வரும், இப்போது மாவட்டங்களிலும் நடக்கின்றன, கையில் 500 ரூபாய் கொடுத்துத் தனியாக உள்ளே அனுப்புங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாசலில் சந்திப்பதாகச் சொல்லுங்கள். என்ன வாங்கி வந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். பேய்க் கதை வாங்கினாலும் சரி. சென்னையிலிருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை விட்டுவிட்டு வரலாம். பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டையை அவன் பெயரிலேயே எடுங்கள். நூலகரிடம், “இவன் நாவல் பக்கமும் பார்க்கட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது பத்து, நான் அதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். இந்த வாரம் ‘சோற்றுக்கணக்கு’ ஒன்றை மட்டும் படிக்க வையுங்கள். அது பிடித்தால் ‘வெக்கை’. பிடிக்காவிட்டால் கார்பெட்.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்று ஒரு சிறுகதை இருக்கிறது, இது உங்களுக்கு, அவனுக்கு இல்லை. தெருப் பிள்ளைகளிடம் பிரியமாக இருக்கும் ஒருவர் புது வருடத்துக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். கிடைக்காமல் போன ஸாரங்கன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், உபசரித்து, தானே வாங்கி வைத்திருக்கும் டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அதைப் படித்த பிறகு நான் யாருக்குப் புத்தகம் கொடுத்தாலும் முதல் பக்கத்தில் பெயர் எழுதாமல் கொடுத்ததில்லை. நீங்களும் எழுதுங்கள்: அவன் பெயர், தேதி, உங்கள் பெயர். “நன்றாகப் படித்து முன்னேறு” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.